நண்டுக்குப் போன ஓட்டு

ஐப்பசி பதினான்கு, செவ்வாய், காலை ஏழு நாற்பது, தூறல். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள்.

"நல்லா இருந்துச்சுனா ஓட்டுப் போட்டுருவியாடா?" என்று மூத்தவர் கத்தியதில், நான் எண்ணிவந்த மின்கம்பக் கணக்கு எண்பத்திரண்டில் விட்டுப்போனது.

"இன்னா மாமா, போட்டோ போட்டு ஓட்டு வுழுந்தா காயின் தர்ற ஆப்பு. எவனோ போட்ட நண்டு போட்டோ சூப்பரா இருந்துச்சு."

"இன்னிக்கு யார் பாடு, யார் முறை? ஏரில வலை போடற மாதிரி ஆப்லயும் ஆளுக்கொரு நாள்னு பதினாறு பேரும் பேசினோமா இல்லியா? காயின் நெறைய வெச்சிருக்க உன் ஓட்டுக்குத்தான் மதிப்பு. அது நண்டுக்குப் போயிடுச்சு. அவனுக்கு முந்நூறு ரூபா, எனக்கு நாப்பது! எஞ்சினை எதுல ரிப்பேர் பண்றது?"

"நீ போட்டது உன் கட்டைவிரல் போட்டோ மாமா."

"என் பாட்ல நான் எதுனா போடுவேன்!"

இளையவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சரி, நாளைக்கு என் பாடு. நீயே எடுத்துக்க. என் ஓட்டும் உனக்குத்தான்."

"போட்டோக்கு எங்க போறது?"

"இன்னும் ஒம்போது விரல் இருக்குல்ல?"

அதற்குள் நான் இறங்கவேண்டிய திருப்பாலைவனம் போய்விட்டது. கூடுதல் டிக்கெட் எட்டு, திரும்பிவரப் பதிமூன்று, தலைவலிக்கு டீ பன்னிரண்டு. ஆக, முப்பத்துமூன்று ரூபாய்.