கறுக்காத தேத்தண்ணி

பிடோக்கிலிருந்து தேக்கா போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் உட்கார்ந்ததுமே சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு எங்க வீட்டுத் தேத்தண்ணி சிவப்பா இருந்துச்சு!"

"சிவப்பாத்தானே இருக்கும்?"

"எங்க கம்பத்து ஊருல குழாய் ஏது? கெணத்துத் தண்ணியில போட்டா மை மாதிரி கறுத்துடும்லா. மணலுக்கு அடியில இரும்பு. எறைக்கிறப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில வெச்சா துரு நிறம். அவரு வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள். எனக்குத் துவைக்கத் தெரியலன்னு மாமியார் மூணு வருஷமாப் பேச்சு."

"அப்புறம்?"

"தண்ணிய உசரத்துலேருந்து பீப்பாயில ஊத்தி, ஒரு நாள் அசைக்காம வெச்சேன். காத்துப் பட்டு, துரு அடியில எறங்கிடுச்சு. மேல் தண்ணிய மணல்ல வடிச்சேன். இன்னிக்கு அதுலதான் துவைச்சேன், தேத்தண்ணியும் போட்டேன்."

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. முடிவு தெரியாமல் எப்படி இறங்குவது?

"மாமியார் என்ன சொன்னாங்க?" என்றாள் மூத்தவள்.

"குடிச்சிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினாங்க."

"ஊத்தினியா?"

"மொதல்ல கொடியில மஞ்சளாகாமக் காயிற அவரு புதுச் சட்டையப் பாத்துட்டு வாங்கன்னேன்."