மடுவத்துத் தாப்பா

கொஞ்சம் தட்டாம இருங்க நானா. அண்ணன் மாதிரி நெனச்சுத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புதுக் கதவு மாட்டத்தான் தொரை ஒங்கள பெரகலையிலருந்து கூப்புட்டிருக்காரு, தெரியும். மாட்டுங்க. அந்தத் தாப்பாள மட்டும் பழையபடி வெளிப்பக்கம் அடிச்சிராதீங்க.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. ஆமா, ஜனங்க கூடுற மடுவத்துக்கு எவனாச்சும் வெளியில தாப்பா வைப்பானா? இது மொதல்ல கோப்பி ஸ்டோருங்க. காப்பிக்கொட்ட மூட்டைய அடுக்கிட்டு வெளியில பூட்டிக்கிட்டுப் போவாங்க. மூட்டைக்கு எதுக்கு உள்தாப்பா? அப்பறம் எலையில மஞ்சப் புள்ளி விழுந்து கோப்பி செத்துச்சு. தேயில வந்துச்சு. ஸ்டோரு சும்மா கெடந்துச்சு. நம்ம ரெங்கசாமி கங்காணியோட அப்பா பங்களா வாசல்ல மூணு நாள் நின்னு, ஜனங்களுக்குன்னு கேட்டு வாங்குனாராம். குடியிருக்கிற லயத்துல காலு நீட்டவே எடமில்ல, கல்யாணம் காமன்கூத்துன்னா எங்க போறது? மழையின்னா, காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டும் இங்கதான்.

ஒரு வருசம் கூத்துல ரதி வேசம் கட்டுனவரு குடிச்சிட்டு உள்ளயே தூங்கிட்டாராம். வெளியில தாப்பா போட்டுட்டாங்க. விடிஞ்சு தொறந்தா, அந்தச் சேலையோட பெரட்டுக்கு வந்து நிக்கிறாரு. கணக்கப்பிள்ள, ஏம்மா, பொம்பளைங்க பக்கம் போய் நில்லுன்னாராம். இன்னமும் சொல்லிச் சிரிப்பாங்க.

இல்ல நானா, நான் பாத்ததில்ல. நான் பதுளையில கன்னியாஸ்திரிங்ககிட்டப் படிச்சவ. தாய் தகப்பன் இல்ல. கட்டிக்கிட்டு இங்க வந்தேன். எங்க வீட்டுக்காரரு, தம்பியோட அப்பா, இந்த மடுவத்துல புள்ளைகளுக்குப் பாடம் சொன்னாரு.

அந்தா, உள்ள தனியாப் பேசி வெளயாடுறானே, அவன்தான் தம்பி, எம் மவன். மூணு வயசு. வேற புள்ளைக வராதுங்க. படி வரைக்கும் வரும், தாய்க்காரி கூப்புட்டா ஓடிரும். அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் ஒருத்தரும் உள்ள காலு வைக்கல. நான் மட்டும் தெனம் கூட்டுறேன். தாப்பா வெளியில இல்லேன்னா தீவாளிக்கு வந்தாலும் வருவாங்கன்னு கங்காணி சொல்றாரு. எம் புள்ளைக்கு நாலு பேரு வேணும் நானா.

காய்ச்சல்னா, தொள்ளாயிரத்துப் பதினெட்டுல வந்துச்சே, ஒங்க கடவீதியிலயும் செத்தாங்களே, அதுதான். தொரை இங்கிலீசுல கடுதாசி அனுப்புனாரு. காய்ச்சக்காரங்கள மடுவத்துல போட்டுக் கதவ அடைக்கணும், ஒருத்தரும் தொறக்கக் கூடாதுன்னு. பதினோரு பேரு. தம்பியோட அப்பாதான் சன்னல் கம்பி வழியா கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தாரு. நாலாம் நாள் அவருக்கே ஒடம்பு கொதிச்சிச்சு. தானா நடந்து உள்ள போனாரு. எனக்கு ஏழு மாசம்.

ராத்திரியெல்லாம் தட்டுனாங்க. ஒவ்வொரு தட்டும் வேற மாதிரி இருக்கும் நானா. அவரு தட்டுனா எனக்குத் தெரியும். மேசையில வெரலு மடக்கித் தட்டிப் புள்ளைகள அமத்துவாரே, அதே தட்டு. மறுநா மத்தியானத்தோட அது நின்னுச்சு. தொறந்தப்ப ஏழு பேரு நடந்து வந்தாங்க. அவரு வரல.

காவக்கார மாடசாமிய ஜனங்க இன்னமும் மண்ணத் தூத்தித்தான் திட்டுது. தாப்பா போட்ட பாவின்னு. தாங்க முடியாம அவன் பூனாகலை தோட்டத்துக்குப் போயிட்டான். நீங்களும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

அவன் போடல நானா. அவன் கையிலதான் தொரை கடுதாசியக் குடுத்தனுப்புனாரு, நான்தான் வாசிச்சு அர்த்தம் சொன்னேன். எனக்குக் கை வராது தாயின்னு படியில குந்தி அழுதான். எனக்கு வயித்துல இருக்கிறது அசஞ்சிச்சு. காய்ச்ச அதுக்கும் ஒட்டிக்கிருமோன்னு பயம். எந்திரிச்சுப் போயி நானே போட்டேன், நாலாம் நாள் அவரு உள்ள போனப்பவும் நான்தான் மறுபடி போட்டேன். அவன் பாத்தான். இன்னைய வரைக்கும் வாயத் தொறக்கல.

தீவாளிக்கு ஜனம் வந்தா சொல்லணும். சொன்னா எம் புள்ளையோட யாரு வெளயாடுவாங்கன்னு தெரியல. வாயில வருதான்னு ஒங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன்.

உள்பக்கம் வைங்க நானா. தம்பி கைக்கு எட்டுற ஒசரத்துல.

சரி, இப்ப அடிங்க. நான் இங்கயே நிக்கிறேன்.