ஆடாத கண்ணாடி

மாலை நாலு இருபது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதற்கப்புறம் முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு வீடு இல்லை, கடை இல்லை, ஆள் இல்லை. அந்தக் கடை வாசலில் என் தம்பி என் வண்டிமுன் நின்று, வலப்பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்து, பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் நட்டை இறுக்கினான். இடப்பக்கக் கண்ணாடி முந்தின நாளே பாறையில் உரசி உடைந்துவிட்டது. எனக்கு இருந்தது இந்த ஒன்றுதான். அதுவும் காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது.

“இனி ஆடாதுண்ணா,” என்றான்.

அவன் எனக்காகச் செய்து நான் கண்ணால் பார்த்த கடைசிக் காரியம் அது.

இந்தக் கதை உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். போன வாரம் என்னோடு வேலை செய்பவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கரண்ட் போனது. பாயில் பிள்ளைகளெல்லாம் ஒட்டிக்கொண்டு உட்கார, அவர் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். “என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது. நாலு பைக்ல மலைக்குப் போறாங்க. கடைசி வண்டிக்காரன் பள்ளத்துல விழுந்துட்டான். ஆனா அவன் லைட்டு மட்டும் பின்னாலயே வருது...” ஒரு சிறுமி கேட்டாள்: “அது நல்ல பேயா?” அவர் யோசித்துவிட்டு, “நல்ல பேய்தான். மத்தவங்கள பத்திரமா கொண்டுபோய் விட்டுச்சே,” என்றார்.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதை எழுதுவது அந்தச் சிறுமிக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர். முன்னால் போகிறவர் அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்களுக்கு அவர் கேப்டன். அடுத்தது பல் டாக்டர். மூன்றாவது நான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கடைசியில் தம்பி. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். கடைசியில் வருகிறவனை ‘வால்’ என்போம். வீட்டில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பேர்தான். பேருக்கு ஏற்ற இடம் கிடைத்தது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

விதி ஒன்றுதான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கைப் பார்க்கவேண்டும். தெரியாவிட்டால் நிற்கவேண்டும். விளக்கை இரண்டு முறை மினுக்கினால் எல்லாம் சரி, போகலாம். மூன்று முறை என்றால், நில்.

அன்று காலையிலிருந்து நாலு தடவை நின்றிருந்தோம். நாலும் அவனால். எங்கள் மூட்டைகளிலிருந்து கயிறோ துணியோ விழும். அவன் நிறுத்தி எடுப்பான். விளக்கு மறையும். எல்லோரும் மழையில் நிற்போம்.

டீக்கடையில் கேப்டன் ஆரம்பித்தார். “நீ எங்க கூட வர்றியா, இல்ல நாங்க உன்ன இழுத்துட்டு வர்றோமா?”

“வாலப் புடிச்சு இழுக்காதீங்க அத்தான். கடிச்சிடும்.”

“கடிக்கட்டும், பல்ல புடுங்கிடுறேன்,” என்றார் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலுறைக்குள் தண்ணீர் சளசளத்தது. எனக்கு ஒரு காய்ந்த அறை வேண்டும், அவ்வளவுதான்.

“இனிமே உனக்காக நான் கண்ணாடியே பாக்க மாட்டேன்டா,” என்றேன். “வந்தா வா. வராட்டிப் போ.”

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். “பாக்க மாட்டியா? சரி,” என்று ஸ்பேனரை எடுத்தான். இறுக்கி முடித்ததும் தனக்குள் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு எதற்கென்று நான் கேட்கவில்லை.

கிளம்பினோம். முதல் வளைவில் நான் பார்க்கவில்லை. இரண்டாவதிலும் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

மூன்றாவது வளைவில் மேகம் இறங்கிவிட்டது. ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை. முன்னால் டாக்டரின் சிவப்பு விளக்கு ஒரு புள்ளி. பயம் வந்தபின் கோபம் எங்கே நிற்கும்... கண்ணாடியைப் பார்த்தேன்.

விளக்கு இருந்தது. சின்னதாக, மஞ்சளாக. எங்கள் மூவருக்கும் வெள்ளை விளக்கு. பழைய மஞ்சள் பல்பு அவனுக்கு மட்டும்தான்.

அதன்பின் எல்லா வளைவிலும் பார்த்தேன். எல்லா வளைவிலும் இருந்தது. நடுநடுவே மினுங்கியது. ஒன்று... இரண்டு. சரி, போகலாம். இரண்டு எண்ணியதும் கண்ணைப் பாதைக்குத் திருப்பிவிடுவேன். திருப்பாவிட்டால் நானே பள்ளத்தில் இருப்பேன். மூன்றாவதாக ஒன்று இருந்ததா என்று பார்க்க நேரமில்லை.

பாதி வழியில் பச்சைப் பெட்ரோல் வாசம் அடித்தது. என் டேங்க் மூடிதான் சரியில்லை போல என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. வாசம் போகவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு கூரான வளைவு. எனக்கும் பின்னால் வருகிறவனுக்கும் நடுவே முழுப் பாறை. அந்த இடத்தில் விளக்கு மறையத்தான் வேண்டும். மறையவில்லை. பாறை இல்லாத மாதிரி, அதே இடத்தில், அதே அளவில்... நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நிற்காமல் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குளிராக இருந்தது.

ஆறு பத்துக்கு மேலே விடுதி. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கண்ணாடியில் விளக்கு எனக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பாமலே, “வாடா, சூடா ஏதாவது குடிப்போம்,” என்றேன்.

விடுதிக்காரர் குடையோடு வந்தார். “நாலு கட்டில் சொன்னீங்க. மூணு பேர்தான் வந்திருக்கீங்க?”

திரும்பினேன். ஈரச் சரளைக்கல். இரும்புக் கேட்டு. மேகம்.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். விளக்கு அங்கே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. சட்டென்று இல்லை. மெல்ல மெல்ல, பேட்டரி தீர்வது மாதிரி.

விடுதிக்காரரின் ஜீப்பில் தேடி இறங்கி அவனைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்பதரை. டீக்கடையிலிருந்து இரண்டாவது வளைவு. பாதையிலிருந்து இருபதே அடி கீழே. பெரிய பள்ளமெல்லாம் இல்லை, யாராவது எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பான். தொடைமேல் வண்டி. மண்ணெல்லாம் பெட்ரோல். உடைந்த விளக்கு பாதைக்கு முதுகைக் காட்டி, வெறும் பள்ளத்தைப் பார்த்துக் கிடந்தது. இடக்கைக் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியிருந்தான். விரல் விளக்கை மினுக்கும் சுவிட்சின் மேல் இருந்தது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜெர்கினுக்குள் என் பையின் மழை உறை. விழுந்ததை எடுத்து, நாலாக மடித்து, நனையாமல் வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பரிசோதித்த டாக்டர் நல்ல மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். விழுந்ததும் சாகவில்லை. ஆறு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும். “ஆறு, ஆறேகால்...”

வீட்டில் கேப்டன் எல்லோருக்கும் சொன்னார்: “நாங்க எந்த விதியையும் மீறல. அவன் லைட்டு கடைசி வரைக்கும் தெரிஞ்சுது.” தெரிந்தது எனக்கு மட்டும்தான். கேப்டனுக்குத் தெரிவது பல் டாக்டரின் விளக்கு, பல் டாக்டருக்கு என் விளக்கு. வந்தவர்கள் அதைக் கேட்டு ஆறுதலாகத் தலையாட்டினார்கள். இன்று பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை அங்கிருந்து கிளம்பியதுதான்.

அம்மா மட்டும் என்னைக் கூப்பிட்டாள். “நீ திரும்பிப் பாத்தியாடா?”

“எல்லா வளைவுலயும் கண்ணாடில பாத்தேம்மா.”

“கண்ணாடிய நான் கேக்கல.”

 

எல்லோரும் போன பிறகு அவன் ஷெட்டுக்குப் போனேன். என் வண்டியை லாரியில் ஏற்றிவந்து அங்கேதான் விட்டிருந்தோம். அந்த மலைப் பயணத்துக்குப் பின் முதல்முறையாக அதன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்தேன்.

என் முகம்தான் தெரிந்தது. முகம் மட்டும். பார்க்க மாட்டேன் என்றவனுக்கு அப்படித்தான் திருப்பி வைத்திருந்தான், விளையாட்டாக. நாலு வளைவு தாண்டி நான் திட்டிக்கொண்டே நிறுத்துவேன், அவன் சிரித்துக்கொண்டே வந்து சரிசெய்வான்... அதுதான் அவன் கணக்கு.

பல் டாக்டரை வரவழைத்து, கையில் டார்ச் கொடுத்து, ஷெட்டுக்குள்ளும் தெருவிலும் பின்னால் நடக்கவைத்தேன். இடம், வலம், தூரம், பக்கம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட அந்தக் கண்ணாடியில் விழவில்லை. விழ வழியே இல்லை. அவர் எதற்கென்று கேட்டார். டார்ச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது. நட்டு இன்னும் இளகவில்லை.