செவலையின் முட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் எண்ணெய்ப் புட்டியோடு ஒரு விவசாயி. பக்கத்தில், மாடுகளுக்கு லாடம் அடிக்கிற பாய்.

"மாட்டுக்கு முட்டி எங்க இருக்குதுன்னே எனக்கு இத்தினி நாளா தெரியாது பாய்" என்றார் விவசாயி.

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"நம்ம செவலைக்குப் பின்னங்கால் மடங்கல. இழுத்து இழுத்து நடந்துச்சு. அடிமாட்டுக்கு வித்துடுன்னு மச்சான் ஒரே புடியா நின்னான். நான் ரெண்டு மாசமா முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பாத்துட்டு, 'நீ தேய்ச்சது குதிங்கால்யா, முட்டி மேல வயித்தை ஒட்டி இருக்குது'ன்னார்."

"நானே அதைத்தான் முட்டின்னு நெனச்சேன்!"

"முட்டிச் சில்லு மேல ஏறி மாட்டிக்குதாம். நிக்க வச்சே ஊசி போட்டு, ஒரு நரம்பை அறுத்துவுட்டார். ஜாஸ்தி ரத்தம்கூட இல்ல. காலை மடக்கி நடந்து வந்துடுச்சு பாய்!"

"இப்ப?"

"ஏர்ல ஜோரா போவுது."

பாய் புட்டியைப் பார்த்தார். "அப்ப இந்த எண்ணெய் எதுக்கு?"

விவசாயி கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"சாயங்காலமானா காலை நீட்டிக்கினு நிக்குது. தேய்ச்சாதான் தவுட்டைத் தொடுது."

"முட்டியிலயா தேய்க்கிறீங்க?"

"அங்க கைய வச்சா ஒதைக்குது பாய். குதிங்கால்லதான்."