கஞ்சி போட்ட மேசைவிரிப்பு

ஓபலுக்கு,

அன்று எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் இருந்தோம். தலைப்பக்கம் என் கணவர் ஆர்வில். ஜன்னலோரம், தொப்பியை முழங்காலில் வைத்தபடி, ஊர்க் காவல் தலைவரான ஷெரீப்பின் உதவியாள் கிளாட். அடுப்பருகே இரும்புக்கடை புரூயிட். சமையலறைக் கதவுப் பக்கம் நான், கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டு. சிகாகோவிலிருந்து நீ எழுதிக் கேட்டிருப்பதால் முறையாகச் சொல்கிறேன்.

1919, கோடைக்காலம். கறுப்பர்கள் குடியிருந்த உங்கள் சிடார் தெருவில் உங்களவர் ஒருவர் புதிதாக இரும்புக்கடை திறந்திருந்தார். அதுதான் காரணம். வெளியே வேறு காரணம் சொன்னார்கள்.

"இன்னிக்கே கொளுத்திடலாம். ஒரு வீடு நிக்கக்கூடாது," என்றார் கிளாட்.

"நம்ம துணியெல்லாம் அங்கதானே வெளுக்கப் போயிருக்கு," என்றேன்.

சிரித்தார்கள். "அதுவும் சரிதாம்ப்பா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் பனியனோடயா போறது?" என்றார் புரூயிட்.

சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு நாளை உங்கள் தெருவுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். அதை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் உன் மாமாவின் குதிரை வண்டி. படுக்கையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நீ மடியில் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தாய்.

"அம்மா, ஊருக்குள்ள என்னவோ பேசிக்கிறாங்களாமே. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நாங்க போயிடட்டுமா?" என்றாள் உன் அம்மா டெசி.

"அப்படி ஒண்ணும் இல்ல டெசி. இருந்தா உங்கிட்ட சொல்ல மாட்டேனா? துணிய முடிச்சு சாயங்காலம் அனுப்பு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கேட்டியாண்ணே? அம்மாவே சொல்லிட்டாங்க. குதிரைய அவுத்து விடு," என்று உள்ளே போய் இஸ்திரிப் பெட்டிகளை அடுப்பில் வைத்தாள். அதைப் பார்த்து எதிர்வீட்டிலும் மூட்டைகளை இறக்கினார்கள்.

சாயங்காலம் நீ கூடையோடு வந்தாய். வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்கச் சொல்லி உன்னை நிறுத்திவைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் சிவந்தது. நீ ஓடப் பார்த்தாய். நான் கதவைப் பூட்டினேன். அதனால்தான் இன்று கடிதம் எழுத நீ இருக்கிறாய்.

அந்தக் கூடையில் வந்த மேசைவிரிப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உன் அம்மா மடித்த மடிப்பு கலைந்துவிடும். மழை நாட்களில் அலமாரியிலிருந்து சூடான கஞ்சி வாசம் வருகிறது, யாரோ இப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்தாற்போல. ஆர்வில் ஒரு வாசமும் இல்லை என்கிறார்.

உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். தெரியும். துணி வரவேண்டியிருந்தது.

இதை உறையிலிட்டு ஒட்டி ஆர்வில் கையில் தபாலுக்குக் கொடுத்தனுப்புகிறேன். நீ கையெழுத்தில் 'திருமதி ஓபல் ரென்ஃப்ரோ' என்று போட்டிருக்கிறாய். உறையின் மேல் நான் திருமதி போடவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது அப்படி எழுதுவார்களா.