உப்பில்லாக் கஞ்சி

எனக்குக் கஞ்சியில் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். உங்கள் காவலர் கொண்டுவந்தது நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர்.

இருபத்தாறு வருடம் மூளையின் வேதியியலைப் படித்தவன் நான். லித்தியம் மாத்திரை பித்தை அடக்கும் என்று தெரிந்துவிட்டது. மனித மூளைக்குள் அது எவ்வளவு சேர்கிறது என்பதுதான் எனக்குக் கிடைக்கவில்லை. எலிகளை வைத்து எழுதிய கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது. இந்த வருடம், எழுபத்தொன்பது ஜூனில் எனக்கு ஓய்வு. அதன்பின் ஆய்வகச் சாவி என்னிடம் இருக்காது. அந்தச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்கினேன்.

படப்பையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மருந்தகத்துக்கு வெள்ளிதோறும் நோயாளிகளைப் பார்க்கப் போவேன். அங்கே வந்தவள் அற்புதமேரி. நாட்கணக்கில் தூங்காமல் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு திரிந்தவள். என் மாத்திரையில் நான்கே மாதத்தில் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள். அதற்கு நன்றியாக, தவக்காலம் முழுதும் உப்பில்லாக் கஞ்சி குடிப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். வெட்கத்தோடுதான் சொன்னாள்.

உப்பை நிறுத்தினால் உடல் லித்தியத்தை வெளியே விடாது, சேர்த்துக்கொண்டே போகும். மிஞ்சினால் நஞ்சு. அந்த நிமிடமே எனக்குத் தெரியும். நல்லது அம்மா என்றேன்.

அதன்பின் தினமும் போய் இரத்தம் எடுத்தேன். இவ்வளவு அக்கறையா என்று கன்னியாஸ்திரிகள் வியந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவள் கணவர் ஏசுதாஸ் மருந்தக வாசலில் காத்திருந்தார்.

"கை நடுங்கிகினே கீது சார். பேச்சு கொழறுது. மாத்திரைய நிறுத்திட்டா இன்னா சார்?"

நிறுத்தினால் மறுபடி தெருவில் பாடுவாள், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அப்ப அவளுக்குத் தெரியாம கஞ்சில துளி உப்பு போட்டுடட்டா சார்? தெம்பே இல்ல."

"சாமிக்கு நேர்ந்ததில் திருட்டு வேலை வேண்டாம், ஏசுதாஸ்."

பத்தொன்பதாம் நாள் அவள் இறந்தாள். மூளையைச் சோதித்தால் மற்ற நோயாளிகளுக்கு உதவும் என்றேன். ஏசுதாஸ் கைநாட்டு வைத்தார். நாலு மாதமாவது அவளைத் திருப்பித் தந்தீர்களே என்று என் கையைப் பிடித்து அழுதார்.

எண்கள் மிகச் சுத்தமாக வந்தன. கட்டுரையை அனுப்பிவிட்டேன். இந்த முறை அது திரும்பி வராது.

நீங்கள் கைப்பற்றிய குறிப்பேட்டில் 'உப்பு இல்லை, ஒன்பதாம் நாள்' என்றிருப்பது என் கையெழுத்துதான். அவளைக் கொன்றது நான்தான். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவளுடைய பக்தியில் நான் கடைசிவரை தலையிடவில்லை.