மாப்பிள்ளையின் எடை

எனக்கு நெய் ஒத்துக்கொள்ளாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது சுற்றுக் கார் பந்தயத்தில் நடந்ததை விசாரிக்கிற நீங்கள் மூன்று பேரும், ஐந்து மாதத்தில் என் வீட்டுக்கு நாற்பது கிலோ நெய் யாருக்காக வாங்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் மூத்த மகள்தான் அந்தத் தகவலைக் கொடுத்திருப்பாள். தகவல் சரிதான். நான் சாப்பிடவில்லை.

என் பெயர் பொன்னுராஜ். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு, எடை ஐம்பத்தாறு கிலோ. ஒரு மூட்டையை இடுப்பளவு தூக்கி இறக்கினால் போதும், எடை சொல்லிவிடுவேன். தராசு பிறகு வந்து நான் சொன்னதையே சொல்லும்.

ஆறு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பொழுது போகாமல் பந்தய டிராக்கைப் பார்க்கப் போனேன். கூரை இல்லாத, சக்கரத்துக்கு மூடி இல்லாத, ஒரே ஒரு ஆள் படுத்தவாக்கில் உட்கார்ந்து ஓட்டுகிற கார்கள். காசு கட்டினால் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். உட்கார்ந்தேன். தரைக்கும் என் பின்பக்கத்துக்கும் நாலு விரற்கடை இடைவெளி. முன்சக்கரம் இரண்டும் கண்ணெதிரே சுழல்வது தெரிகிறது. சின்ன வயதிலிருந்து என்னை ஒட்டடைக்குச்சி என்றுதான் ஊரே கூப்பிட்டது. அந்தக் காரில் என்ஜின் சின்னது, ஒவ்வொரு கிலோவும் அதற்குப் பாரம். பெரிய உடம்புக்காரர்கள் நேர்ப்பாதையில் பின்தங்கினார்கள், நான் தங்கவில்லை. என் உடம்பால் ஒரு பிரயோசனம் உண்டு என்று நாற்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். அழுகை வந்தது. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து உங்கள் சங்கம் நடத்துகிற பந்தயம் எதையும் நான் விட்டதில்லை. ஏழாவதாக வருவேன். எட்டாவதாக வந்ததும் உண்டு, ஆறாவதாக வந்ததில்லை. ஏழு என்பது உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மைக்கில் "தேனி பொன்னுராஜ்" என்பார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கும் நடுவில் தேனி என்று ஒரு சத்தம். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டோடு வரச் சொன்னார்கள். போனேன்.

போன ஜூலையில் சூரியபிரகாஷ் வந்தான். போடி ஏலக்காய்க் கடை சண்முகராஜின் ஒரே பையன், இருபத்தாறு வயது. முதல் பந்தயத்திலேயே மூன்றாவதாக வந்தான். நான் எட்டாவதுக்குப் போனேன். மைக்கில் "தேனி சூரியபிரகாஷ்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். என்னைச் சொல்லும்போது "இன்னொரு தேனிக்காரர்" என்றார்கள்.

பந்தயம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து காலைத் தொட்டான்.

"அண்ணே, உங்க போட்டோவப் பாத்துத்தாண்ணே எனக்கு இதுல ஆசையே வந்துச்சு. ஒங்கள முந்தும்போது சங்கடமாத்தான் இருந்துச்சு."

நல்ல பையன். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எழுப்பிவிடுகிற சாக்கில் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து. என்னைவிட ஒரு கிலோ குறைவு.

அந்த ஆண்டு விழாவுக்கும் இந்த முறை அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். விழாப் பத்திரிகையில் அவன் படத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பது என் கவனத்துக்கு வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புது மாப்பிள்ளையைப் பெண் வீட்டுச் சொந்தம் ஒவ்வொன்றும் கூப்பிட்டு விருந்து வைக்கும். மாப்பிள்ளை இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் ஆக்கினவர்களுக்கு மனம் கோணும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்வார்கள், யாரும் மூன்று நாளில் விட்டதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறினேன். நெய் ஒத்துக்கொள்ளாததால் தப்பித்தேன்.

என் மூத்த மகள் சுபாஸ்ரீ பி.ஃபார்ம் முடித்துவிட்டு, பெங்களூரில் மேல்படிப்புக்கு இடம் வாங்கி வைத்திருந்தாள். ஒரு வருடம் பொறுங்கள் என்றாள். நல்ல இடம் காத்திருக்காது என்றேன். அடுத்த சுற்று நவம்பரில் என்பதை அவளிடம் சொல்லவில்லை, அது அவளுக்குத் தேவையில்லாத விவரம். ஜோசியர் மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். தீபாவளிக்கு முன் அதிக நாள் கிடைக்கிற முகூர்த்தத்தை நான் தேர்ந்தெடுத்தேன். ஆவணியில் கல்யாணம். தாலி கட்டியதிலிருந்து அவன் எனக்கு அவர். மாப்பிள்ளைக்கு மரியாதை குறைக்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது.

என் மனைவி மாரீஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை வருகிறார் என்றேன், அவள் சமைத்தாள். அவ்வளவுதான். கடமலைக்குண்டு சந்தையில் நானே போய் வெள்ளாடு பார்த்து வாங்கினேன். குமுளியிலிருந்து பழம்பொரி வந்தது. கோலா உருண்டை, நெய்ச்சோறு, மூளை வறுவல், பால் பணியாரம், அதிரசம். அதிரசத்துக்கு மேல் நெய் ஊற்றுவது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

"மாமா, போதும் மாமா," என்பார்.

"மாப்பிள்ள, நீங்க மிச்சம் வச்சா ஒங்க அத்த மூணு நாளு சாப்புட மாட்டாக."

சாப்பிட்டுவிடுவார். ஒரு நாள் பணியாரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா போயி பதினஞ்சு வருசமாச்சு மாமா. எங்க வீட்ல நானும் அப்பாவும்தான். தெனமும் ரசம். யாரும் எனக்கு இப்பிடி வச்சு வச்சுக் குடுத்ததில்ல."

இன்னும் நாலு பணியாரம் வைத்தேன்.

அவர் வரும்போதெல்லாம் வாசலில் கட்டிப்பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவேன். தெருவே பார்க்கும். இப்படி ஒரு மாமனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். புரட்டாசி பிறக்கையில் ஐம்பத்தொன்பது. அந்த மாதம் பாதி வீடுகளில் கறி இல்லை, அந்தக் குறையை அல்வாவால் சரிசெய்தோம். தலைதீபாவளிக்குப் பத்து நாள் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். திரும்பிப் போகும்போது அறுபத்தெட்டு.

நவம்பர் பந்தயத்தில் அவர் ஆறாவதாக வந்தார், நான் எட்டாவது. அறுபத்தெட்டு கிலோவில் ஆறாவதாக வருகிறார் என்றால் எப்படிப்பட்ட திறமை என்று பாருங்கள். நான் அதைப் பாராட்டினேன். தலைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் கூப்பிட்டேன்.

இதற்குள் அவருடைய காரும் என் பூண்டு குடோனுக்கே வந்துவிட்டது. ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு ஷெட் என்று நான்தான் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் வராமலிருக்க இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. பந்தய உடுப்பைத் தையல்காரரிடம் கொடுத்து, மாதம் ஒரு அங்குலம் பக்கவாட்டில் விட்டுத் தைக்கச் சொன்னேன். காரில் உட்காருகிற இடத்தில் அவரவர் உடம்புக்கு அச்செடுத்த நுரைமெத்தை இருக்கும். அதை அரிவாள்மணையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். ஆகவே எதுவும் இறுகவில்லை. உடுப்பு இறுகியிருந்தால் அவர் பட்டினி கிடந்து இளைத்திருப்பார், இளைத்து வந்தால் மறுபடியும் மூன்றாவது இடம். அவர் போட்டியில் இருக்கவும் வேண்டும், பாரமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சரிக்கட்டுவது லேசான வேலையில்லை.

நீங்கள் முக்கியமாகக் கேட்டிருப்பது அந்தப் படிவத்தைப் பற்றி. கார் தீப்பிடித்தால் ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டு, பத்து வினாடிக்குள் தானாக வெளியே வர வேண்டும். சோதித்துப் பார்த்துக் கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். தை மாதக் கடைசியில் குடோனில் வைத்துச் சோதித்தோம். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. நாற்பத்தொரு வினாடி ஆயிற்று. கடைசிப் பத்து வினாடி மண்டி ஆட்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்தார்கள்.

"எம்புட்டு மாமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒம்பது, மாப்பிள்ள."

"எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு."

"உள்ள இருக்கவுகளுக்கு அப்பிடித்தான் தெரியும்."

ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

பிப்ரவரி பந்தயத்தில் ஏழாவது லேப் வரை அவர் எனக்கு முன்னால் போனார். கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் அவருடைய கார் சறுக்கிப் புல்லில் போய் நின்றது. பின்பக்கம் புகை. அவர் கையைத் தூக்கி ஆட்டினார். நானும் கையைக் காட்டிவிட்டுப் போனேன். அடுத்த லேப்பில் மெதுவாகப் போகச் சொல்லி மஞ்சள் கொடி. டிராக் ஓரம் காவல் நிற்கிற மார்ஷல்கள் இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கத் தெரியாத ஆட்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. தோளில் பிடிக்கக் கூடாது. அதற்கடுத்த லேப்பில் நாலு பேர் இருந்தார்கள், தீயணைக்கிற தண்ணீரை அவர்மேலும் காரின்மேலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். புகை கூடுதலாக இருந்தது. அப்போது நான் ஏழாவது இடத்தில் இருந்தேன்.

பிறகு சிவப்புக் கொடி காட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டீர்கள். நான் இறங்கி ஓடினேன். என்னை மனிதனில்லை என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டதால் இதைச் சொல்கிறேன். மார்ஷல்களை விலக்கிவிட்டு, இடுப்புக்குக் கீழே கை கொடுத்து, ஒரே தூக்கில் தூக்கினேன். உடுப்பு மட்டும் கிழிந்தது. அது தீயின் புகை இல்லை, தண்ணீர்க் குழாய் வெடித்த ஆவிதான் என்று பிறகு தெரிந்தது. ஆகவே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மைக்கில் "ஏழாவது இடம், தேனி பொன்னுராஜ்" என்றபோது அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். படுத்தபடியே கை தட்டினார்.

மருத்துவ அறையில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை இருநூற்றுப் பத்து என்றார்கள். சுபாஸ்ரீ அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தூக்குனீகளேப்பா, ரொம்பக் கனமோ? எம்புட்டு இருப்பாரு?"

"எழுவத்தெட்டு. நனஞ்ச துணிக்கு ஒரு கிலோ கழிச்சா எழுவத்தேழு."

"கல்யாணத்தப்ப?"

"அம்பத்தஞ்சு."

"தீவாளிக்கு?"

"அறுவத்தெட்டு."

முப்பது வருடத் தொழில். யாராவது எடை கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

"எங்கப்பா எம் புருசன வாசல்ல வச்சுக் கட்டிப்புடிக்கிறாகன்னு பாக்குறவுக எல்லார்ட்டயும் பெருமயாச் சொன்னேன்பா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமாவ ஒண்ணும் சொல்லாத சுபா. பாசத்துல அவுகளுக்கு அளவு தெரியல."

"அவுகளுக்கா அளவு தெரியல?" என்றாள் என் மகள்.

இப்போது இரண்டு பேரும் பெங்களூரில் இருக்கிறார்கள். அவள் விட்ட படிப்பைப் படிக்கிறாள். அவருக்குக் கேழ்வரகுக் கூழும் காலையில் ஓட்டமும் என்று மாரீஸ்வரி சொன்னாள். என்னோடு மகள் பேசுவதில்லை. மாப்பிள்ளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். காரை விற்றுவிட்டார். "நம்ம ஊருக்கு நீங்க ஒரு ஆள் போதும் மாமா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனதாரச் சொன்னார்.

நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஏழாவது இடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் இல்லாத நாலாவது சுற்றில் நான் எட்டாவதாகத்தான் வந்தேன். ஆக, நான் செய்ததால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. லாபம் இல்லாததைச் சதி என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு மாமனார் மருமகனுக்குச் சோறு போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சுற்றில் ஏழாவதாக வந்தது ஜஸ்டின் என்கிற புதுப்பையன். ராயப்பன்பட்டி, வேதக்காரர்கள். தங்கமான பையன், ஐம்பத்திரண்டு கிலோ. எனக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள், இருபத்திரண்டு வயது. இந்தக் காலத்தில் போய் சாதி, மதம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று நேற்றுதான் மாரீஸ்வரியிடம் சொன்னேன்.